500 எம்பி அனுமதி, 60 எம்பி கோப்பு, ஆனாலும் ஏறவில்லை: பதிவேற்ற வரம்பு எங்கே ஒளிந்திருக்கிறது?

ஆவண மேலாண்மை மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் "அதிகபட்சக் கோப்பு அளவு: 500 எம்பி" என்று இருக்கிறது. ஊழியர் 60 எம்பி ஸ்கேன் கோப்பு ஒன்றை ஏற்றிப் பார்க்கிறார், ஏறவில்லை. நிர்வாகி அமைப்பைத் திறந்து பார்த்துவிட்டு "500 என்றுதானே போட்டிருக்கிறது" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. கோப்பு போகும் வழியில் வரம்புகள் பல இருக்கின்றன. மென்பொருள் காட்டும் 500 அவற்றில் ஒன்று மட்டுமே.

எந்த வரம்பு தடுத்தது என்று பார்க்காமல், கண்ணில் பட்ட எல்லா எண்களையும் கூட்டிவிடுவதுதான் பல இடங்களில் நடக்கிறது. அன்றைக்குக் கோப்பு ஏறிவிடும். ஆனால் வைரஸ் சோதனை, தற்காலிகக் கோப்புறை, தேடல் என்று வேறு எங்கோ ஓர் இடத்தில் அதன் விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் முதலில் தடுத்தது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். மாற வேண்டியது கோப்பா, வரம்பா, வழியா என்பதை அதற்குப் பிறகுதான் முடிவு செய்ய முடியும்.

கோப்பு கடந்து போகும் வாசல்கள்

இணையப் படிவத்தின் வழியே கோப்பு அனுப்பும் முறை 1995-இல் ஆர்எஃப்சி 1867 என்ற ஆவணத்தில் முன்வைக்கப்பட்டது. முழுக் கோப்பையும் ஒரே கோரிக்கையில் வைத்து அனுப்புவதுதான் அதன் அடிப்படை. கோரிக்கை என்றால் உலாவி சர்வருக்கு அனுப்பும் ஒரு செய்தி. கோப்பு பெரிதானால் செய்தியும் அதே அளவு பெரிதாகும். வழியில் இருக்கும் ஒவ்வொரு மென்பொருளும் "இவ்வளவு பெரிய செய்தியை நான் வாங்கமாட்டேன்" என்று சொல்லும் உரிமையை வைத்திருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே வரிசையாகப் பார்ப்போம்.

1. முன்னால் நிற்கும் பாதுகாப்புச் சேவை. தளம் கிளவுட்ஃப்ளேர் வழியாக வந்தால், இலவசத் திட்டத்தில் ஒரு கோரிக்கை 100 எம்பியைத் தாண்டக் கூடாது. உங்கள் சர்வரில் என்ன மாற்றினாலும் இது மாறாது.

2. வெப் சர்வர், அதாவது உலாவியின் கோரிக்கையை வாங்கி மென்பொருளிடம் கொடுப்பது. என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரில் எதுவும் சொல்லாமல் விட்டால் வரம்பு 1 எம்பி. அதை நிர்ணயிக்கும் அமைப்பின் பெயர் 'கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்'. இன்னொரு வெப் சர்வரான அப்பாச்சியில் 2.4.53 பதிப்பு வரை இயல்பாக வரம்பே கிடையாது. அதற்கு அடுத்த பதிப்பிலிருந்து 1 ஜிபி. பல வருடமாக ஓடிய ஒரு சர்வர் அப்டேட்டுக்குப் பிறகு திடீரென்று பெரிய கோப்புகளை மறுக்க ஆரம்பித்தால் இதையும் சந்தேகப்படலாம். விண்டோஸின் ஐஐஎஸ் சர்வரில் 3 கோடி பைட், அதாவது சுமார் 28.6 எம்பி.

3. மென்பொருள் எழுதப்பட்ட நிரல்மொழியை இயக்கும் சூழல். பிஎச்பியில் இரண்டு எண்கள் உண்டு. ஒரு தனிக் கோப்புக்கு 'அப்லோட் மேக்ஸ் ஃபைல்சைஸ்', இயல்பாக 2 எம்பி. படிவம் முழுவதற்கும் 'போஸ்ட் மேக்ஸ் சைஸ்', இயல்பாக 8 எம்பி. ஜாவாவில் ஸ்பிரிங் பூட் மீது கட்டிய மென்பொருள் என்றால் கோப்புக்கு 1 எம்பி, கோரிக்கைக்கு 10 எம்பி.

4. மென்பொருளின் சொந்த வரம்பு. நிர்வாகி பார்த்த அந்த 500 இதுதான்.

5. உள்ளே போன பிறகு வருபவை: வைரஸ் சோதனை, முழுஉரைத் தேடல், தரவுத்தளம். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் ஒரு கோரிக்கையில் இயல்பாக 100 எம்பி வரைதான் வாங்கும். கோப்பையே தரவுத்தளத்துக்குள் சேமிக்கும் பழைய மென்பொருள் என்றால், மைஎஸ்க்யூஎல் 8-இல் சர்வர் ஏற்கும் ஒரு பொட்டலத்தின் இயல்பான உச்சம் 64 எம்பி.

இந்த ஐந்தில் எது மிகச் சிறியதோ அதுதான் உண்மையான வரம்பு. மற்ற நான்கும் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் பயனில்லை.

இன்னொரு கணக்கும் இங்கே சேர்கிறது. வேறொரு மென்பொருள் ஏபிஐ (மென்பொருள்கள் தங்களுக்குள் பேசும் வழி) மூலம் கோப்பை அனுப்பும்போது, பல நேரம் அதை பேஸ்64 என்ற எழுத்துவடிவத்துக்கு மாற்றி அனுப்புகிறது. அப்போது அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்: 30 எம்பி கோப்பு 40 எம்பி ஆகிவிடும். கையால் ஏற்றினால் போகிறது, கணக்கு மென்பொருளிலிருந்து தானாக வரும்போது மட்டும் போகவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

தடுத்தது யார்? அறிகுறிகள்

ஒவ்வொரு வாசலும் வேறு வேறு விதமாக மறுக்கிறது. பிழைச்செய்தியை அப்படியே நம்பினால் சில இடங்களில் வழி தவறிவிடும்.

வெள்ளைப் பக்கத்தில் 413 என்ற எண், அதன் கீழே ஒரு கோடு, அதற்கும் கீழே என்ஜின்எக்ஸ் பெயர். இது தெளிவான கேஸ். வெப் சர்வரே திருப்பி அனுப்பிவிட்டது. ஆவண மென்பொருளுக்கு அப்படி ஒரு கோப்பு வந்ததே தெரியாது. அதனால் மென்பொருளின் லாக்கைத் (நடந்தவற்றைப் பதியும் குறிப்பேடு) தேடிப் பயனில்லை, என்ஜின்எக்ஸின் பிழை லாக்கைத்தான் பார்க்க வேண்டும்.

ஐஐஎஸ் சர்வரில் இதே தவறுக்கு 404 காட்டும். "பக்கம் இல்லை" என்று படித்துவிட்டு இணைப்பு முகவரியைச் சரிபார்த்துக்கொண்டே இருப்பார்கள். சர்வர் லாக்கில் அது 404.13 என்று பதிவாகியிருக்கும். அந்த 13-க்குப் பொருள், கோரிக்கை அளவு மீறிவிட்டது.

பிஎச்பியின் மறுப்புதான் எல்லாவற்றிலும் குழப்பமானது. படிவத்தின் மொத்த அளவு 'போஸ்ட் மேக்ஸ் சைஸ்' எண்ணைத் தாண்டினால், பிஎச்பி கோப்பை மட்டும் விடுவதில்லை. படிவத்தில் இருந்த எல்லாவற்றையும் விட்டுவிடுகிறது. தலைப்பு, தேதி, துறை எல்லாம் காலி. படிவத்தோடு மறைவாக வரும் பாதுகாப்பு டோக்கனும் (படிவம் இந்தப் பயனரிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் ரகசியக் குறி) காலி. மென்பொருள் டோக்கனைத் தேடுகிறது, கிடைக்கவில்லை, உடனே "உங்கள் அமர்வு முடிந்துவிட்டது" என்றோ "இணைப்பு காலாவதியாகிவிட்டது" என்றோ சொல்கிறது. வேர்ட்பிரஸ் பயன்படுத்துபவர்கள் பலர் இந்தக் காலாவதிச் செய்தியைப் பார்த்திருப்பார்கள். ஊழியர் வெளியேறி, மறுபடி உள்நுழைந்து, மறுபடி ஏற்றி, அதே செய்தியைப் பார்ப்பார். கடவுச்சொல்லிலும் தவறில்லை, அமர்விலும் தவறில்லை. சிறிய கோப்பு ஒன்றை ஏற்றிப் பார்த்தால் போதும்: அது போய்விட்டால் இது அளவுப் பிரச்சினைதான்.

பதிவேற்றப் பட்டை 100 சதவீதம் வரை ஓடி, சிறிது நேரம் நின்று, அப்புறம் 504 என்ற பிழை எண் வந்தால் அது பெரும்பாலும் நேர வரம்பு. கோப்பு வந்து சேர்ந்துவிட்டது. அதை இணைப்பது, சோதிப்பது, சேமிப்பது போன்ற வேலை முடிவதற்குள் வெப் சர்வர் காத்திருப்பதை நிறுத்திவிட்டது. என்ஜின்எக்ஸ் பிஎச்பியின் பதிலுக்கு இயல்பாக 60 விநாடிதான் காத்திருக்கும். இங்கே அளவு எண்ணைக் கூட்டினால் ஒன்றும் மாறாது.

வரம்பு எதற்காக இருக்கிறது?

வழக்கமான ஒரு சர்வரில் 2 ஜிபி கோப்பு ஒன்று வரும்போது நடப்பதைக் கவனியுங்கள். என்ஜின்எக்ஸ் முழுக் கோரிக்கையையும் தன் தற்காலிகக் கோப்புறையில் எழுதி முடித்த பிறகே பிஎச்பியிடம் கொடுக்கிறது. பிஎச்பி அதைத் தன் தற்காலிகக் கோப்புறையில் மறுபடி எழுதுகிறது. அதற்குப் பிறகுதான் மென்பொருள் அதை நிரந்தர இடத்துக்கு நகர்த்துகிறது. 2 ஜிபி கோப்புக்கு ஒரு கட்டத்தில் 4 ஜிபி தற்காலிக இடம் தேவைப்படுகிறது. மூன்று பேர் ஒரே நேரத்தில் ஏற்றினால் 12 ஜிபி.

அந்தத் தற்காலிக இடம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். லினக்ஸ் வகைகளில் ஃபெடோராவில் பல வருடமாகவும், டெபியனில் 2025-இல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்தும், தற்காலிகக் கோப்புறை இயல்பாக நினைவகத்தில்தான் இருக்கிறது. நினைவகத்தில் பாதி வரை அது நிரம்பலாம். 8 ஜிபி ரேம் உள்ள சர்வரில் வரம்பை 5 ஜிபி என்று உயர்த்தி வைத்தால், பெரிய கோப்பு ஒன்று வரும் நாளில் ஆவண மென்பொருளோடு சேர்ந்து அதே இயந்திரத்தில் ஓடும் மற்றவையும் தடுமாறும்.

அதைவிடக் கவலைக்குரியது வைரஸ் சோதனை. கிளாம்ஏவி என்ற வைரஸ் சோதனை மென்பொருள் இயல்பாகச் சோதிக்கும் கோப்பின் உச்ச அளவு 0.105 பதிப்புக்கு முன் 25 எம்பி. அந்தப் பதிப்பிலிருந்து 100 எம்பி. கோப்பு அதைத் தாண்டினால் அது எச்சரிப்பதில்லை, கோப்பைச் சோதிக்காமலே "பிரச்சினை இல்லை" என்று விட்டுவிடுகிறது. எச்சரிக்கச் சொல்லும் அமைப்பு தனியாக இருக்கிறது, இயல்பாக அது அணைந்திருக்கும். மென்பொருள் வரம்பை 500 எம்பிக்கு உயர்த்தியவர் இதைத் தொடாமல் விட்டால், 100-க்கும் 500-க்கும் இடைப்பட்ட எல்லாக் கோப்பும் சோதனை இல்லாமல் உள்ளே வரும். வரம்பை உயர்த்தும் முன் பார்க்க வேண்டிய முதல் இடம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

வரம்பை உயர்த்தியே ஆக வேண்டும் என்றால்

எல்லா வாசலிலும் ஒரே எண்ணைப் போடக் கூடாது. பயனருக்குப் புரியும்படி பேசத் தெரிந்தது மென்பொருள் மட்டும்தான். "200 எம்பிக்கு மேல் ஏற்ற முடியாது, தொடர்புக்கு இந்த எண்" என்று அது தமிழிலேயே சொல்ல முடியும். என்ஜின்எக்ஸ் 413 என்று மட்டும் சொல்லும். அதனால் மென்பொருளின் எண் மிகச் சிறியதாக இருந்து, வெளியே போகப் போக எண் சற்றே பெரிதாக வேண்டும். உதாரணமாக மென்பொருளில் 200, பிஎச்பியின் கோப்பு வரம்பு 210, படிவ வரம்பு 220, என்ஜின்எக்ஸில் 230.

மாற்றியும் பலன் தெரியவில்லையென்றால் சரிபார்க்க வேண்டியவை இவை:

1. பிஎச்பியில் கட்டளை வரிக்கு ஓர் அமைப்புக் கோப்பு, வெப் சர்வர் வழியாக ஓடுவதற்கு வேறோர் அமைப்புக் கோப்பு. டெர்மினலில் பார்த்து "மாறிவிட்டது" என்று நம்புவது அடிக்கடி நடக்கிறது.
2. மாற்றிய பிறகு பிஎச்பி சேவையை ரீலோட் செய்தீர்களா?
3. மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் டாக்கரில் ஓடினால், கன்டெய்னருக்குள்ளே ஒரு வெப் சர்வர், வெளியே ஒரு வெப் சர்வர். இரண்டுக்கும் தனித்தனி வரம்பு.

கோப்பையே சிறிதாக்குவது

பெரிய கோப்புகளில் பெரும்பான்மை, ஸ்கேனரில் யாரோ ஒருமுறை வைத்துவிட்டுப் போன அமைப்பின் விளைவு. கணக்கைப் பாருங்கள். ஏ4 பக்கத்தை 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் 2480-க்கு 3508 புள்ளிகள், சுமார் 87 லட்சம். வண்ணத்தில் ஒரு புள்ளிக்கு 3 பைட்: சுருக்குவதற்கு முன் 26 எம்பி. சாம்பல் நிறத்தில் 8.7 எம்பி. வெறும் கறுப்பு வெள்ளையில் 1.1 எம்பி மட்டுமே. அதை ஃபேக்ஸ் காலத்திலிருந்து வரும் ஜி4 முறையில், ஒரு புள்ளிகூட இழக்காமல் சுருக்கினால் தட்டச்சுப் பக்கம் ஒன்று சில பத்து கேபிக்குள் அடங்கும். 600 டிபிஐ என்று மாற்றினால் எல்லாமே நான்கு மடங்கு.

கட்டட வரைபடத்துக்கு இது இன்னும் பொருந்தும். ஏ0 தாள் ஒன்று 300 டிபிஐ வண்ணத்தில் சுருக்குவதற்கு முன் 418 எம்பி. கறுப்பு வெள்ளையில் 17 எம்பி சொச்சம். கறுப்புக் கோடுகள் மட்டுமே உள்ள வரைபடத்தை வண்ணத்தில் ஸ்கேன் செய்ய ஒரு காரணமும் இல்லை. அதில் சிவப்பு மையில் திருத்தம், முத்திரை, கையெழுத்து இருந்தால் நிச்சயம் வண்ணம் வேண்டும். அங்கே எம்பி மிச்சம் பிடிக்கக் கூடாது.

சுருக்கும் முறையிலும் கவனம் வேண்டும். ஜேபிஐஜி2 என்ற முறை, பக்கத்தில் ஒரே மாதிரித் தோன்றும் எழுத்துகளை ஒரு முறை மட்டும் சேமித்து மற்ற இடங்களில் அதையே ஒட்டும். இழப்புள்ள வகையில் "ஒரே மாதிரி" என்ற தீர்ப்பே தவறாகலாம். 2013-இல் ஜெர்மனியின் கணினி அறிவியலாளர் டேவிட் க்ரீசல் இதை வெளிக்கொண்டு வந்தார். ஜெராக்ஸ் வொர்க்சென்டர் இயந்திரத்தில் ஸ்கேன் செய்த ஒரு கட்டட வரைபடத்தில் 21.11 சதுர மீட்டர் அறை, நகலில் 14.13 என்று வந்திருந்தது. மங்கலோ கறையோ இல்லை; தெளிவான, தவறான எண். ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுப்பது) பிழையும் இல்லை, படத்திலேயே எண் மாறியிருந்தது. ஜெராக்ஸ் பின்னர் திருத்த மென்பொருள் வெளியிட்டது. ஆவணக் காப்பகத்தில் இதைவிட மோசமான பிழை இருக்க முடியாது, ஏனென்றால் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. ஆகவே எழுத்து, எண் உள்ள ஆவணங்களுக்கு ஜி4 அல்லது ஜேபிஐஜி2-இன் இழப்பற்ற வகை மட்டும்.

டிஜிட்டல் கையொப்பமிட்ட பிடிஎஃப்பைச் சுருக்கவே கூடாது. கையொப்பம் கோப்பின் பைட்டுகளின் மீது போடப்பட்டது. கோஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற கருவியில் போட்டு எடுத்தால் பார்வைக்கு அதே ஆவணம்தான், கையொப்பம் போய்விடும். இரண்டாகப் பிரித்தாலும் அதே கதி. ஜிப் செய்வதும் பெரிதாக உதவாது: ஸ்கேன் பிடிஎஃப்பின் உள்ளே இருக்கும் படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை; தேடலில் உள்ளடக்கமும் வராமல் போகலாம்.

துண்டு துண்டாக அனுப்புவது

கையால் "பகுதி 1, பகுதி 2" என்று பிரிப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். ஒரு பகுதி ஒரு கோப்புறையிலும் இன்னொன்று வேறு கோப்புறையிலும் போய்ச் சேரும்; மூன்று வருடம் கழித்துத் தேடுபவருக்குப் பகுதி 2 இருப்பதே தெரியாது. பிரிப்பதை மென்பொருளே செய்து, சர்வரில் திரும்ப ஒட்டினால் அந்த ஆபத்து இல்லை.

நெக்ஸ்ட்கிளவுட் என்ற கோப்புச் சேமிப்பு மென்பொருள் இப்படித்தான் செய்கிறது. உலாவி பெரிய கோப்பைத் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றாக அனுப்பும். எல்லாம் வந்ததும் 'இனி ஒட்டு' என்று கடைசியாக ஒரு கோரிக்கை போகும். ஒவ்வொரு துண்டும் தனிக் கோரிக்கை என்பதால் வாசல்களில் கணக்கில் வருவது துண்டின் அளவு மட்டுமே. கிளவுட்ஃப்ளேரின் 100 எம்பியைத் தாண்ட நேர்மையான வழி இது: துண்டின் உச்ச அளவைச் சொல்லும் 'மேக்ஸ் சங்க் சைஸ்' அமைப்பை 50 எம்பி என்று வைத்தால் 3 ஜிபி கோப்பும் போகும். கடைசி ஒட்டும் கோரிக்கைக்கு நேரம் பிடிக்கும். மேலே சொன்ன 504 இங்கேதான் அதிகம் வரும். அதற்கு நேர வரம்பைத்தான் உயர்த்த வேண்டும்.

துண்டு முறையின் இன்னொரு நன்மை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 10 எம்பிபிஎஸ் வேகத்தில் 2 ஜிபி ஏற்ற சுமார் 27 நிமிடம் ஆகும். 25-ஆவது நிமிடத்தில் இணைப்பு அறுந்தால், ஒரே கோரிக்கையில் அனுப்பியவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். டஸ் என்ற திறந்த நெறிமுறை இதற்காகவே உருவானது: "எத்தனை பைட் வந்திருக்கிறது?" என்று சர்வரிடம் கேட்டு, மீதியை மட்டும் அனுப்பும்.

இணைய வாசலையே தவிர்ப்பது

பழைய ஆவணங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது உலாவி வழியே ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. பேப்பர்லெஸ் என்ஜிஎக்ஸ் என்ற ஆவண மென்பொருளில் ஒரு கோப்புறையைச் சுட்டிவிட்டால், அதில் விழும் ஒவ்வொரு கோப்பையும் தானாக எடுத்து ஓசிஆர் செய்து சேர்த்துக்கொள்ளும். நெக்ஸ்ட்கிளவுடில் சர்வரின் தரவுக் கோப்புறைக்கு நேராகக் கோப்புகளை நகலெடுத்து, வருடும் கட்டளையை ஓட்டலாம். வெப் சர்வர், பிஎச்பி வரம்புகள் எதுவும் இந்த வழியில் இல்லை.

இல்லாமல் போவது வரம்புகள் மட்டும் அல்ல, வாசல்கள் செய்துவந்த வேலையும்தான்:

1. யார் ஏற்றினார் என்ற பதிவு இருக்காது. கோப்புறை வழியே வந்தது என்று மட்டும் தெரியும். இதற்குத் தனிப் பதிவேடு வேண்டும்.
2. பாதி நகலான கோப்பை மென்பொருள் எடுத்துவிடலாம். வேறு பெயரில் நகலெடுத்து முடித்து, கடைசியில் பெயர் மாற்றுவதே பாதுகாப்பு. ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி இயல்பாகவே அப்படித்தான் செய்கிறது.
3. கோப்பின் உரிமையாளர் மாறிவிடும். ரூட் (முழு அதிகாரம் உள்ள) பயனராக நகலெடுத்தால் மென்பொருளால் அதைத் திறக்கவே முடியாமல் போகும்.
4. முழுதாக வந்ததா என்று நாமே உறுதி செய்ய வேண்டும். இரு பக்கமும் எஸ்எச்ஏ-256 (கோப்பின் கைரேகை போன்ற எண்) கணக்கிட்டு ஒப்பிட்டு, பொருந்திய பிறகே மூலக் கோப்பை நீக்குங்கள். இடையில் எஃப்ஏடி32 என்ற முறையில் வடிவமைத்த பென்டிரைவ் வந்தால் 4 ஜிபி கோப்பு அதில் ஏறாது.

சர்வர் உங்கள் கையில் இல்லையென்றால்

அரசுத் தளமோ, வேறு நிறுவனத்தின் தளமோ என்றால் நீங்கள் மாற்றக்கூடியது கோப்பு மட்டுமே. மேலே சொன்ன ஸ்கேன் அமைப்பைத் திருத்தி மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். ஏற்கெனவே கரடுமுரடாகச் சுருங்கிய பிடிஎஃப்பை மேலும் சுருக்குவதைவிட அது தெளிவாக வரும். விற்பனைப் பத்திரம், மருத்துவ அறிக்கை, சம்பளப் பட்டியல் போன்றவற்றை இலவசமாகச் சுருக்கித் தரும் முன்பின் தெரியாத இணையதளங்களில் ஏற்றாதீர்கள். அந்த நகல் எவ்வளவு காலம் யாரிடம் இருக்கும் என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. லிப்ரேஆஃபிஸ், கோஸ்ட்ஸ்கிரிப்ட் இரண்டும் இலவசம், உங்கள் கணினியிலேயே ஓடும்.

கோப்பைச் சொந்த கிளவுடில் போட்டு, இணைப்பை மட்டும் ஆவண மென்பொருளில் ஒட்டுவதும் வேண்டாம். அந்த ஊழியர் வேலையை விட்டுப் போய்க் கணக்கு மூடப்பட்டால் பதிவு மட்டும் மிஞ்சும், ஆவணம் இருக்காது.

கையொப்பமிட்ட ஆவணம், சுருக்க முடியாது, பிரிக்கவும் முடியாது என்றால் நிர்வாகியிடம்தான் போக வேண்டும். "ஏறவில்லை" என்று மட்டும் எழுதினால் அவரும் 500 என்ற எண்ணைத்தான் பார்ப்பார். கோப்பின் சரியான அளவு பைட்டில், முயன்ற நேரம், வந்த பிழை எண், பட்டை எத்தனை சதவீதத்தில் நின்றது, அதே படிவத்தில் சிறிய கோப்பு ஏறுகிறதா: இந்த ஐந்தையும் எழுதி அனுப்பினால் எந்த வாசலின் லாக்கைத் திறப்பது என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும்.